அப்பா ஸ்தானத்தில் நின்றவர் கையெழுத்துக் கேட்கிறார்: சபைக் கணக்கில் நான் போடலாமா?

கேட்டவர்: பொறையார் பக்கம்

எல்லோருக்கும் வணக்கம். பேரும் ஊரும் சொல்லவில்லை, மன்னியுங்கள். தரங்கம்பாடிக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். அந்த ஒரே காரணத்துக்காக, எங்கள் கிறிஸ்தவ சபையின் கணக்கைச் சரிபார்க்கும் வேலையை இந்த வருஷம் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

எங்களுக்கு அறுப்பின் பண்டிகை சம்பா அறுவடை முடிந்துதான். ஆராதனை முடிந்ததும் ஏலம் நடக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நெல் மூட்டை, வாழைத்தார், சேவல், வீட்டில் சுட்ட அதிரசம் என்று காணிக்கையாக வந்ததெல்லாம் ஏலத்துக்குப் போகும். எடுத்தவரே “மறுபடி விடுங்க” என்று திருப்பிக் கொடுப்பார். ஒரு பூசணிக்காய் நாலு கை மாறி ஆயிரக்கணக்கில் போவதும் உண்டு. ரொக்கம் வைத்திருப்பவர் அங்கேயே கட்டிவிடுவார். மற்றவர்கள் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டு, நெல் பணம் பேங்கில் ஏறியதும் பொருளாளர் வீடு வீடாகப் போய் வாங்கி ரசீது கொடுப்பார்.

ரசீது அடிக்கட்டையையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வசூலானதில் ₹46,000 பேங்குக்குப் போகவில்லை.

பொருளாளர் வேறு யாராவது என்றால் இங்கே வந்து கேட்டிருக்கவே மாட்டேன். அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன், ரத்த உறவு கிடையாது. என் அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர், வாய்க்கால் மதகு திறந்து மூடுகிற வேலை. நான் பிளஸ் டூ படிக்கும்போது இறந்துபோனார். பி.காம். படிக்க ஃபீஸ் கட்டியது இந்தச் சித்தப்பா. என் கல்யாணத்தில் பந்தி பார்த்ததும் அவர்தான். நானே போய்க் கேட்டேன். மறைக்கவில்லை. பையன் லோனில் நெல் அறுக்கிற மிஷின் வாங்கியிருக்கிறான், மழையில் வண்டி ஓடாமல் தவணை நின்றுபோயிற்று, எடுத்துக் கட்டிவிட்டேன், குறுவைக்குள் போட்டுவிடுவேன் என்றார். வருடாந்திரக் கூட்டம் நெருங்குகிறது. அதற்குள் “கணக்கு சரியாக உள்ளது” என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

தயங்கினேன். திண்ணையில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: “உங்கப்பன் போனப்ப யாரு நின்னா? காலேஜுக்கு யாரு கட்டினா? நான் உங்கிட்ட கேக்குறது ஒரு கையெழுத்து.”

அதற்கு எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்ன ஒவ்வொன்றும் நிஜம். ஞாயிறு பள்ளியில் “கொஞ்சத்திலே உண்மையுள்ளவன் அநேகத்திலும் உண்மையுள்ளவனாயிருக்கிறான்” என்ற வசனத்தை எனக்கு மனப்பாடம் பண்ண வைத்தவரும் அவர்தான் என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. என் செயினை அடகு வைத்து அந்தப் பணத்தை நானே கட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டால் என்ன என்றுகூட யோசிக்கிறேன். நன்றியோடு இருப்பதும் உண்மையோடு இருப்பதும் எதிர் எதிரே நின்றால் எந்தப் பக்கம் போவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மணல்மேட்டான்

தங்கச்சி, போட்டுக் கொடு. திருடன் என்றால் நீ கேட்டதும் நிஜத்தைச் சொல்லியிருக்க மாட்டார். தருகிறேன் என்கிறார், தருவார். “அன்பு திரளான பாவங்களை மூடும்” என்று பேதுரு எழுதியது யாருக்காக? நோவா குடித்துவிட்டு ஆடை விலகிக் கிடந்தபோது அதைப் போய் வெளியே சொன்ன மகனின் பிள்ளைக்குச் சாபம் வந்தது. பின்புறமாக நடந்து போய்ப் போர்த்திவிட்ட இரண்டு பேருக்கு ஆசீர்வாதம். ஊர் கூடிய இடத்தில் ஒரு வயசான மனுஷனை நிற்க வைத்து நாலு பேர் சிரிக்க, உனக்கு என்ன கிடைக்கப் போகிறது? இது நாற்பத்தாறு லட்சம் இல்லை. நாற்பத்தாறாயிரம்.

குடந்தை கணக்கர்

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைத் தணிக்கை பண்ணியே தலை நரைத்தவன். பைபிள் எனக்குத் தெரியாது, அதை மற்றவர்கள் சொல்லட்டும். எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன்.

முதலில் செயினைக் கழுத்திலேயே வைத்திருங்கள் அம்மா. நீங்கள் பணத்தைக் கட்டினால் பள்ளம் மூடாது, உங்கள் வீட்டு வாசலுக்கு நகர்ந்து வரும், அவ்வளவுதான். நாளைக்கு அவர் கடன்காரர், நீங்கள் கடன் கொடுத்தவர். இப்போது இருக்கிற மரியாதையும் போய்விடும். உங்கள் வீட்டுக்காரருக்கு இது தெரியுமா என்று நான் கேட்கவில்லை, ஆனால் தெரிய வரும்போது என்ன நடக்கும் என்று யோசியுங்கள்.

இரண்டாவது, சரிபார்க்கிறவர் போடும் கையெழுத்துக்கு ‘இவர் நல்லவர்’ என்று அர்த்தம் கிடையாது. ‘ஏல நோட்டைப் பார்த்தேன், அடிக்கட்டையைப் பார்த்தேன், பாஸ்புக்கைப் பார்த்தேன், இவை இப்படி இருந்தன’ என்று மட்டும்தான் அர்த்தம். ஆகவே அவரைக் காட்டிக்கொடுப்பதா காப்பாற்றுவதா என்ற கேள்வியே உங்கள் பேனாவுக்கு வேண்டாம். பார்த்ததை எழுதுங்கள். “ஏலத் தொகையில் ரசீது கொடுத்து வசூலானது இவ்வளவு, அதில் இன்ன தேதி வரை வங்கியில் செலுத்தப்படாதது ₹46,000” என்று ஒரு வரி. ஏன், எதற்கு, யார் மிஷின் வாங்கினார்கள் என்பதெல்லாம் அதில் வராது. விளக்கம் சொல்வது பொருளாளர் பொறுப்பு.

மூன்றாவது, கூட்டத்துக்கு முன்னால் அவர் எவ்வளவு கட்ட முடியுமோ கட்டட்டும். ஆனால் சலானில் கட்டுகிற நாளின் தேதிதான் இருக்கும். பழைய தேதி போட்டு ஒரு வவுச்சர் எழுதித் தாருங்கள் என்று யாராவது கேட்டால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். நான் பார்த்த வரையில் ஆட்களை மாட்டிவிட்டது கணக்கில் குறைந்த பணம் இல்லை, அதை மறைக்க எழுதின காகிதம்தான்.

மணல்மேட்டுத் தம்பிக்கு: ரசீது வாங்கினவர்கள் வீட்டில் ரசீது இருக்கிறது. மூடினாலும் மூடி நிற்காது.

வெண்ணாற்றங்கரை டீச்சர்

அம்மாடி, உன் கேள்வியைப் படித்ததிலிருந்து மனசு அதிலேயே இருக்கிறது. நான் தஞ்சாவூரில் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள், லுத்தரன் குடும்பம். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்.

உன் சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து சொன்ன அந்தக் கணக்கை நான் பைபிளில் வேறொருவர் வாயில் படித்திருக்கிறேன். சவுல் ராஜா. தாவீதைத் தேடிப் பிடிக்க முடியாத கோபத்தில் தன் ஆட்களைக் கூப்பிட்டு வைத்துக் கேட்கிறான்: ஈசாயின் மகன் (தாவீதுதான்) உங்களுக்கு வயல்களையும் திராட்சத் தோட்டங்களையும் கொடுப்பானோ? 1 சாமுவேல் 22ஆம் அதிகாரம், எடுத்துப் பார். வயல் கொடுத்தது நான், பதவி கொடுத்தது நான், அப்படியிருக்க ஏன் எல்லோரும் எனக்கு விரோதமாகக் கூடிக்கொண்டீர்கள் என்று புலம்புகிறான். செய்த உபகாரத்தை எண்ணிக் காட்டி விசுவாசத்தைக் கேட்கிறவன் அங்கே அவன்தான்.

இப்போது மறுபக்கம் பார். கல்யாணப் பத்திரிகைகளில் அச்சடிக்கிறோமே, “நீர் போகும் இடத்திற்கு நானும் வருவேன், நீர் தங்கும் இடத்திலே நானும் தங்குவேன்” என்று. (அது புருஷன் பெண்டாட்டிக்குள் பேசின பேச்சு என்றே பாதிப் பேர் நினைத்திருக்கிறார்கள். மருமகள் மாமியாரிடம் சொன்னது. அதை அறிந்தே எந்த மாமியாராவது பத்திரிகையில் போடச் சொல்லியிருந்தால் அந்தம்மாள் சாமர்த்தியசாலி.) ரூத் அதைச் சொல்வதற்கு முன்னால் நகோமி என்ன சொன்னாள்? திரும்பிப் போங்கள் என்றாள். ஒரு தடவை இல்லை, மறுபடி மறுபடி. இன்னொரு மருமகள் ஒர்பாள் அழுது முத்தமிட்டுப் போனாள், அவளை அந்தப் புஸ்தகத்தில் யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

தாவீது ராஜாவான பிறகு, மகன் அப்சலோமுக்குப் பயந்து எருசலேமை விட்டு ஓடுகிறான். கித்தியனாகிய ஈத்தாய் என்று ஒரு அந்நியன் அறுநூறு பேரோடு கூடவே வருகிறான். தாவீதுக்கு அந்த நேரத்தில் ஒவ்வொரு ஆளும் தேவை. அப்படியும், நீ நேற்று வந்தவன், உன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போ என்கிறான். செத்தாலும் பிழைத்தாலும் ராஜா இருக்கிற இடத்தில்தான் இருப்பேன் என்று ஈத்தாய் சொன்னது அதற்குப் பிறகு. யோவான் 6இல் சீஷர்களில் பலர் விலகிப் போகிறபோது ஆண்டவர் பன்னிரண்டு பேரையும் பார்த்து, நீங்களும் போய்விட மனதாயிருக்கிறீர்களோ என்று கேட்கிறார். ஐந்து அப்பத்தைக் கொடுத்து ஐயாயிரம் பேருக்குச் சோறு போட்டது அதே அதிகாரத்தில்தான். அதை எடுத்துச் சொல்லி இருக்கச் சொல்லவில்லை.

என் மாமியார் பக்கவாதத்தில் படுத்திருந்தபோது எனக்குத் திருச்சிக்குப் பதவி உயர்வோடு மாறுதல் வந்தது. “போடி, என்னைப் பாத்துக்க ஆள் இருக்கு” என்றார்கள். ஆள் கிடையாது. அவர்கள் ‘உனக்கு நான் எவ்வளவு செய்தேன்’ என்று ஆரம்பித்திருந்தால் நான் போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன், நான் அப்படிப்பட்டவள்தான். போ என்று சொன்னதால் போக முடியவில்லை. மாறுதல் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன்.

எங்கள் ஊர்க் கதையும் ஒன்று இருக்கிறது. துளஜா மகாராஜா தத்தெடுத்த சரபோஜியை மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் (போதகரை நாங்கள் ஐயர் என்போம்) கையில் ஒப்படைத்தார். ஐயர் அந்தப் பிள்ளைக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்தார், அரசுரிமைக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் வாதாடினார். 1798 பிப்ரவரியில் இறந்துபோனார், சரபோஜி பட்டத்துக்கு வந்தது அதே வருஷம். சரபோஜி கடைசி வரைக்கும் கிறிஸ்தவர் ஆகவில்லை. ஆனால் லண்டனில் ஃபிளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் சொல்லி, ஐயர் மரணப் படுக்கையில் கிடக்க, தான் அவர் கையைப் பிடித்து நிற்பதுபோல் சலவைக்கல் சிற்பம் செய்து வரவழைத்தார். சிவகங்கைக் குளத்துப் பக்கம் உள்ள கிறிஸ்தவக் கோயிலில் இன்றைக்கும் இருக்கிறது, தஞ்சாவூர் வந்தால் பார். கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரும் சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர்தான். சரபோஜி ராஜா பெரிய கோயில் பெருவுடையார்மேல் பாடச் சொன்னபோது மாட்டேன் என்று சொல்லிவிட்டார் என்று எங்கள் வீடுகளில் வழிவழியாகச் சொல்வார்கள். ராஜாவின் ஆதரவில் இருந்துகொண்டே அந்த ஒன்றை மட்டும் மறுத்தார். அதனால் உறவு அறுந்துபோகவில்லை என்றும் சொல்வார்கள்.

மணல்மேட்டுத் தம்பி சொன்ன நோவா கதை நல்ல இடம், நான் தள்ளிவிடவில்லை. ஆனால் சேமும் யாப்பேத்தும் போர்த்திவிட்டார்கள், அவ்வளவுதான். ‘எங்கள் அப்பா குடிக்கவில்லை’ என்று கீழே கையெழுத்துப் போடவில்லை. அங்கே அடுத்தவன் காசும் இல்லை. இந்த ₹46,000 கதிர் அரிவாள் பிடித்தவன், நடவு நட்டவள் எல்லாம் பூசணிக்காய்க்குக் கூடுதலாகக் கொடுத்த காசு.

நீ செய்ய வேண்டியது மத்தேயு 18இல் இருக்கிறது: “நீயும் அவனும் தனித்திருக்கையில்”. அந்தப் பாதி வேலையை ஏற்கெனவே செய்துவிட்டாய், ஊரில் சொல்வதற்கு முன்னால் அவரிடமே போனாய். இன்னொரு தடவை போ. கணக்கர் ஐயா சொன்ன அந்த ஒரு வரியை எழுதி எடுத்துக்கொண்டு போய், ‘சித்தப்பா, இதைத்தான் எழுதப் போகிறேன், கூட்டத்தில் உங்கள் பக்கத்து நாற்காலியில் நான் உட்காருவேன்’ என்று சொல்.

மணல்மேட்டான்

டீச்சருக்கு வணக்கம். நீங்கள் சாமுவேலை எடுத்ததால் கேட்கிறேன். சவுலின் மகன் யோனத்தான் தாவீதுக்காக அப்பாவிடம் பொய் சொன்னானே? அமாவாசைப் பந்திக்கு ஏன் வரவில்லை என்று சவுல் கேட்டபோது, பெத்லெகேமில் குடும்பத்துப் பலிக்குப் போயிருக்கிறான் என்று கதை விட்டானே? சிநேகிதனுக்காக அவ்வளவு செய்யலாம், அப்பா மாதிரி இருப்பவருக்கு ஒரு கையெழுத்துப் போடக்கூடாதா?

வெண்ணாற்றங்கரை டீச்சர்

சரியான இடத்தில் பிடித்தீர்கள் தம்பி. சொன்னான், இல்லையென்று சொல்ல மாட்டேன். அங்கே போக இருந்தது ஒரு உயிர். இங்கே மிஷின் தவணை. அதே பந்தியில் ‘அவன் ஏன் கொல்லப்பட வேண்டும், என்ன செய்தான்’ என்று ராஜாவின் முகத்துக்கு நேரே கேட்டவனும் யோனத்தான்தான், அதற்குப் பெற்ற அப்பனே அவன்மேல் ஈட்டியை எறிந்தான். அதற்கப்புறமும் அப்பாவை விட்டுப் போகவில்லை. கில்போவா மலையில் சவுலோடுதான் செத்தான். அந்த இரண்டையும் சேர்த்துத்தான் நான் யோனத்தானைப் படிக்கிறேன்.

தேரழுந்தூரான்

கம்பர் பிறந்த ஊர்க்காரன், வேறு மதம், நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். டீச்சர் யோனத்தானைச் சொன்னதும் எனக்கு வேறு யாரும் ஞாபகம் வரவில்லை, கும்பகர்ணன்தான். சபையில் எல்லோரும் இருக்கும்போது அண்ணனைப் பார்த்து, வாயில் மானம் பேசுகிறாய், உள்ளே வைத்துக் காப்பதோ காமம் என்று சொல்கிறான். தூக்கத்திலிருந்து எழுப்பிப் போருக்கு அனுப்புகிறபோதும் சீதையை விட்டுவிடு என்கிறான். கேட்கவில்லை என்று தெரிந்த பிறகு, வளர்த்த அண்ணனுக்காகச் சாகப் போகிறான். தம்பி வீடணன் களத்துக்கே வந்து கூப்பிட்டும் போகவில்லை. எங்கள் ஊர்த் திண்ணைகளில் வீடணன் செய்ததுதான் நியாயம் என்று பேசுவார்கள், ஆனால் கண் கலங்குவது கும்பகர்ணனுக்கு. செஞ்சோற்றுக் கடன் என்று சொல்லி வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள் அவன் முதலில் வாயைத் திறந்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் டீச்சரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. அந்தப் பெரியவரைச் சவுலோடு சேர்த்தது அதிகம். அவர் ராஜா இல்லை, பயந்துபோன கிழவர். பையன் வண்டியை ஃபைனான்ஸ்காரன் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்க முடியாமல் கைக்கு எட்டினதை எடுத்துவிட்டார். ஃபீஸ் கட்டினதைச் சொல்லிக் காட்டியது தப்புதான். ஆனால் அது கணக்குப் பார்த்து வந்த பேச்சு இல்லை, போக்கிடம் இல்லாமல் வந்த பேச்சு. சகோதரி போய்ப் பேசும்போது இதை மனதில் வைத்துக்கொண்டு பேசட்டும்.

வெண்ணாற்றங்கரை டீச்சர்

ஒப்புக்கொள்கிறேன் தேரழுந்தூர் ஐயா. சவுலும் பயந்துபோனவன்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், சொன்னால் வீம்பாகிவிடும்.

பொறையார் பக்கம்

எல்லோருக்கும் நன்றி. போய்ப் பேசிவிட்டேன். அந்த வரியை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். முதலில் சத்தம் போட்டார். சித்திதான் உள்ளேயிருந்து வந்து, “புள்ள ஊர்ல சொல்லாம நம்ம வாசலுக்குத்தான வந்திருக்கு” என்றார்கள். அதற்கப்புறம் சத்தம் குறைந்தது, ஆனால் என்னைப் பார்த்துப் பேசவில்லை, சித்தியைப் பார்த்தே பேசினார். ஃபீஸ் பேச்சு வரவில்லை. நானாகவே எடுத்தேன்: நீங்கள் கட்டினதை நான் மறக்கவில்லை, அது வேறு, இது சபைக் காசு என்று. பதில் சொல்லவில்லை.

நேற்று பையன் வந்து ₹20,000 கட்டின சலானைக் காட்டினான். மீதிக்கு ஐயரிடமே போய்த் தவணை கேட்கப் போவதாக அப்பா சொன்னார் என்றான். என்மேல் கோபமா என்று கேட்டேன், “இருக்கும்ல அக்கா” என்றான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வழக்கமாக உட்காரும் இடத்தில் அவர் இல்லை, பின்னால் போய் உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் பக்கத்தில் உட்காருவேன் என்று சொல்லியிருக்கிறேன். அவர் உட்கார விடுவாரா என்று தெரியாது, நான் போய் உட்காருவேன்.

மணல்மேட்டு அண்ணனுக்கு: நீங்கள் சொன்னபடி செய்யவில்லை, ஆனால் ஊர் சிரிக்கும்படியும் செய்யவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கணக்கர் ஐயா, இப்போது பாதி கட்டியாகிவிட்டது. முதலில் எழுதின வரியை மாற்றி மீதி ₹26,000 என்று மட்டும் எழுதினால் போதுமா?

குடந்தை கணக்கர்

போதாது அம்மா. இரண்டு வரியாக எழுதுங்கள். கணக்கு முடியும் தேதியில் செலுத்தப்படாமல் இருந்தது ₹46,000. அதன் பிறகு இன்ன தேதியில் செலுத்தப்பட்டது ₹20,000, நிலுவை ₹26,000. அவர் கட்டியது தனியாகத் தெரிவது அவருக்கும் நல்லது, கேட்கிறவர்களிடம் காட்ட ஒன்று இருக்கும். சலான் நகலை அந்தப் பக்கத்தோடு பின் பண்ணுங்கள். ஐயர் தவணை கொடுத்தால் அதை அவர் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் குறிப்பில் சேர்க்க வேண்டாம். கூட இன்னொருவரும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால் நல்லது. கூட்டத்தில் அறிக்கையை நீங்கள் வாசிக்க வேண்டாம், செயலாளர் வாசிக்கட்டும்.